இலங்கையில் கண்ட நான்கு காட்சிகள்

வெளிநாட்டு யாத்திரை என்றவுடன் லண்டன், பாரிஸ் முதலிய மாநகரங்களே பலருடைய நினைவுக்கு வருகின்றன. பெங்களூரிலிருந்து விமானத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் சென்றடையக்கூடிய இலங்கைத் தீவை வெளிநாடாகவே எண்ணாதவரும் உண்டு. ஆயினும், தாய்மாநிலத்தை விட்டு வேற்றுமொழி வழங்கும் ஊர்களில் குடியேறி வாழும் நம் போன்ற தமிழர்கள் கண்டுவருவதற்கு அதனினும் ஏற்ற தேசம் வேறில்லை என்பது என் துணிபு. பிறமொழியாளரோடு தமிழர் எவ்வெவ்வாறு கலந்து வாழ்ந்தனர் என்பதை அங்குள்ள கற்களே எடுத்துரைக்கின்றன. அத்தீவில் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்த நான்கு காட்சிகளை நேயர்களுக்கு இங்கே சொல்ல விரும்புகிறேன். சொல்லும் வரிசை நான் சென்ற வரிசையன்று; கருத்தை ஒட்டிய வரிசையாகும்.

முதலாவது, கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு கற்பலகை. இவ்வருங்காட்சியகம் 1877-ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. கடற்பயணத்தில் புகழ்பெற்ற சீனத் தளபதி செங் ஹோ பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்குக் கொண்டுவந்த கல்வெட்டு அது. அதில் பொறித்த ஆண்டு 1409. பின்னர் எக்காலத்திலோ மறைந்துபோன அக்கல், 1911-இல் காலி நகரத்தில் ஒரு வடிகாலின் மூடியாகக் கிடந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் உள்ளன.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அக்கல்லின் முன்னர் நின்றபோது பெருவியப்பு உண்டாயிற்று. ஏனெனில், அம்மூன்றும் ஒரே வாசகத்தின் மொழிபெயர்ப்புகள் அல்ல. சீன வாசகம் புத்தரைப் போற்றுகிறது. தமிழ் வாசகம், தீவின் தென்கோடியில் தேனாவரையில் கோயில் கொண்டிருந்த நாயனாராகிய திருமாலைப் போற்றுகிறது. பாரசீக வாசகம் இஸ்லாமியர் வழிபாட்டைச் சார்ந்தது. தெய்வங்கள் வேறாயினும், பொன், வெள்ளி, பட்டு, நறுமண எண்ணெய் என்று காணிக்கைகளின் பட்டியல் மட்டும் மூன்றிலும் பெரும்பாலும் ஒத்திருக்கிறது. ஒருவரை மேலாகவும் மற்றவரைத் தாழ்வாகவும் வையாமல், அவரவர்க்கு அவரவர் மொழியில் மரியாதை செய்த கல் அது. இலங்கைத் துறைமுகத்தில் பிறநாட்டவர் அறிந்து பேசவேண்டிய மொழிகளுள் ஒன்றாக அக்காலத்தில் தமிழ் விளங்கியது என்பதற்கும் அதுவே சான்று.

இரண்டாவது காட்சி சிகிரியா. சமவெளியின் நடுவே ஏறத்தாழ 180 மீட்டர் உயரத்திற்குத் தனித்து எழுந்து நிற்கும் செம்பாறை அது. தந்தை தாதுசேனனைக் கொன்று அரியணையைக் கவர்ந்த காசியபன், இந்தியாவுக்குத் தப்பிச்சென்ற தன் சகோதரன் மொகல்லானன் திரும்பி வருவானோ என்று அஞ்சி, ஐந்தாம் நூற்றாண்டில் அப்பாறையின் உச்சியில் அரண்மனை அமைத்தான். அஞ்சியவாறே 495-ஆம் ஆண்டில் மொகல்லானன் படையுடன் வந்தான். காசியபன் ஆட்சி முடிவுற்றது. இன்று உச்சியில் எஞ்சியிருப்பவை அடித்தளங்களும் குளமுமே. நடுவழியில் பாறையின் குடைவில் உள்ள நங்கையரின் ஓவியங்கள் உலகப் புகழ் வாய்ந்தவை. அவற்றினும் என்னைக் கவர்ந்தது, அருகிலுள்ள கண்ணாடிச் சுவராகும். பளபளப்பாகத் தீட்டிய அச்சுவரில், பிற்காலத்தில் மலை காண வந்தோர் தாம் கண்ட அழகைச் சிங்களத்தில் சிறுசிறு செய்யுள்களாகக் கீறி வைத்துள்ளனர். அறிஞர் பரணவிதான அவற்றுள் 685 செய்யுள்களைப் படித்து 1956-இல் நூலாக வெளியிட்டார். அரசன் கட்டிய அரண் அழிந்தது. வழிப்போக்கர் எழுதிய சொற்கள் நிலைத்தன.

மூன்றாவது, திருகோணமலை. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய தலங்களுள் இதுவும் ஒன்று. கடலை நோக்கிச் செங்குத்தாக நிற்கும் சுவாமி மலையின் மேல் கோணேசர் எழுந்தருளியிருக்கிறார். கோயிலின் ஓரத்தில் நின்று கீழே நோக்கினால், நீலத்திலிருந்து பச்சையாகவும் பச்சையிலிருந்து வெண்ணுரையாகவும் மாறும் கடலைக் காணலாம். இயற்கைத் துறைமுகத்தின் வளைவும் தெரியும். பழைய கோயிலைப் பதினேழாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இடித்து, அக்கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். இன்று கோயிலுக்குச் செல்லும் பாதையே அக்கோட்டையின் வாயில் வழியாகத்தான் செல்கிறது. 1950-ஆம் ஆண்டில் அவ்வூரில் நிலத்தை அகழ்ந்தபோது பழைய செப்புத் திருமேனிகள் கிடைத்தன. கோயிலும் மீண்டும் எழுந்தது. அடியார்கள் மனத்தில் காத்ததைப் பீரங்கியால் அழிக்க இயலவில்லை.

நான்காவதும் தலைசிறந்ததும் பொலன்னறுவை. 1017-ஆம் ஆண்டையொட்டி ஈழ மன்னன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்படுத்திய சோழர், இந்நகரைத் தலைநகராக்கி ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டனர். அவர்கள் எழுப்பிய வானவன்மாதேவி ஈசுவரம் என்னும் கற்றளி, தஞ்சைச் சீமையிலுள்ள சிறு கோயில் ஒன்றைப் பெயர்த்துவந்து வைத்தாற்போல் இன்றும் நிற்கிறது. சற்றுத் தொலைவில், முதலாம் பராக்கிரமபாகு பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒரே பாறையில் செதுக்குவித்த கல் விகாரைச் சிலைகள் உள்ளன. அவற்றுள் பரிநிர்வாணத்தில் துயிலும் புத்தரின் நீளம் ஏறத்தாழ 14 மீட்டர். தலையணை சற்றே அழுந்தியிருப்பதைக்கூடச் சிற்பி கருங்கல்லில் காட்டியிருக்கிறான். அம்மன்னன் விரிவாக்கிய பராக்கிரம சமுத்திரம் என்னும் ஏரி இன்றும் வயல்களுக்கு நீர் பாய்ச்சுகிறது. அந்திவேளையில் அதன் கரையில் நிற்பது தனி இன்பம்.

ஆயினும், அந்நகரில் நான் நெடுநேரம் நின்றது ஒரு தமிழ்க் கல்வெட்டின் முன்னர்தான். சோழரை 1070-இல் வெளியேற்றிய முதலாம் விஜயபாகுவின் படையிலும் வேளைக்காரர் எனப்பட்ட தமிழ் வீரர்கள் இருந்தனர். ஒருமுறை சோழரோடு போரிடுமாறு ஏவப்பட்டபோது, அவர்கள் மறுத்துக் கலகம் செய்ததாகச் சூளவம்சம் கூறுகிறது. அக்கலகம் கடுமையாக அடக்கப்பட்டது. ஆனால், கதை அத்துடன் முடியவில்லை. புத்தரின் புனிதப் பல்லை வைத்துக் காப்பதற்கு விஜயபாகு ஒரு கோயில் கட்டியிருந்தான். அம்மன்னன் இறந்தபின், அரசகுருவாகிய பௌத்தத் துறவி அதே வேளைக்காரரை அழைத்து, அக்கோயிலைக் காக்கும்படி வேண்டினார். அவர்களும் இசைந்து, அதற்கு மூன்றுகை வேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி என்று தம் பெயரையே சூட்டினர். தாம் அழிய நேரினும் அப்பள்ளியையும் அங்கு அடைக்கலம் புகுந்தோரையும் காப்பதாகவும், தம் குலம் உள்ளளவும் அதற்கு வேண்டியவற்றைச் செய்வதாகவும் தமிழில் கல்லில் வெட்டி வைத்தனர்.

எண்ணிப் பாருங்கள். வெற்றி பெற்றோர் எழுப்பிய சிவாலயமும் அங்கே நிற்கிறது. பிறர் வழிபாட்டைக் காப்பதாகத் தமிழர் கொடுத்த வாக்கும் அங்கே நிற்கிறது. முதலாவது நம் பெருமை. இரண்டாவது நம் பண்பு. பல்லாண்டுகள் நடந்து 2009-இல் முடிவுற்ற உள்நாட்டுப் போரின் வடுக்கள் இன்றும் ஆறாத அந்நாட்டில், சிங்களவரும் தமிழரும் ஒன்றாக நின்று படிக்கத்தக்க கல் இதுவேயாகும்.

அதை நாமும் படிக்கவேண்டும். நான் வசிக்கும் ஆஸ்டின் டவுனுக்குக் கிட்டல் நகர் என்றும் பெயர் உண்டு. பெர்டினாண்ட் கிட்டல் ஜெர்மனியில் பிறந்தவர்; 1853-இல் இந்தியாவுக்கு வந்தார். கன்னடத்தைக் கற்றுத் தேர்ந்து, ஏறத்தாழ 70,000 சொற்கள் கொண்ட கன்னட-ஆங்கில அகராதியை 1894-இல் வெளியிட்டார். வேற்றுமொழியாளராகிய அவருக்குக் கன்னட நாடு தன் தலைநகரில் ஒரு நகர்ப்பகுதியின் பெயராலேயே நன்றி செலுத்தியிருக்கிறது. பம்பாயிலோ, கல்கத்தாவிலோ, டில்லியிலோ, பெங்களூரிலோ வாழும் நாம் நம் தமிழைப் போற்றுவது இயல்பு. அண்டை வீட்டாரின் மொழியைக் கற்று, அவர்கள் மதிப்பவற்றை நாமும் மதித்துக் காப்பது, வேளைக்காரர் நமக்கு வைத்துச்சென்ற கடன்.

இவ்விடங்களைக் காண விரும்புவோர்க்கு ஒரு சொல். ஆண்டிறுதியில் தீவின் கிழக்குப் பகுதியில் மழை மிகுதி. மே முதல் செப்டம்பர் வரை செல்வது நலம். சிகிரியாவில் வெயில் ஏறுமுன் காலையிலேயே படியேறிவிட வேண்டும். பொலன்னறுவைக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். சிலைகளைக் கண்டு திரும்பிவிடாமல், இடிந்த பல்கோயிலின் அருகே நிற்கும் அந்தத் தமிழ்க் கல்லையும் தேடிக் கண்டு வாருங்கள்.