கடமையை விதித்த சட்டம் நேரத்தையும் தரட்டும்

என்னுடன் பொருளியல் துறையில் பணியாற்றிய பேராசிரியை ஒருவர், பணி ஓய்வுக்கு இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்த நிலையில் விருப்ப ஓய்வுக்கு விண்ணப்பித்தார். 'சொந்தக் காரணங்களை முன்னிட்டு' என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தார். உண்மைக் காரணம் துறையில் எல்லோருக்கும் தெரியும். அவருடைய தந்தைக்கு மறதி நோய் முற்றியிருந்தது. காலையில் அவரைக் குளிக்கவைத்து, உணவூட்டி, பகல் நேரத்துக்கு அமர்த்தியிருந்த உதவியாளர் வந்த பிறகுதான் இவர் வீட்டைவிட்டுக் கிளம்ப முடியும். தற்செயல் விடுப்பு தீர்ந்தது. ஈட்டிய விடுப்பு தீர்ந்தது. ஊதியமில்லா விடுப்பும் நீண்டது. இறுதியில் வேலையே போயிற்று.

துறைத் தலைவர் என்ற முறையில் அந்த விண்ணப்பத்தைப் பரிந்துரைத்துக் கையெழுத்திட்டவன் நான். அதற்கு ஓராண்டு முன்னர், முதல் மணி நேர வகுப்பை மட்டும் மாற்றித் தர இயலுமா என்று அவர் கேட்டபோது, 'ஒருவருக்கு மாற்றினால் எல்லோருக்கும் மாற்ற வேண்டிவரும்' என்று மறுத்தவனும் நானே.

நம் அலுவலகங்களின் கோப்புகளில் உறங்கும் 'சொந்தக் காரணங்கள்' என்னும் சொற்களுக்குப் பின்னால் இப்படி எத்தனை பெற்றோர், எத்தனை மாற்றுத்திறனாளிக் குழந்தைகள், பக்கவாதத்தால் படுத்துவிட்ட எத்தனை துணைவர்கள் இருக்கின்றனர் என்பதை எந்தப் பதிவேடும் சொல்வதில்லை. பராமரிப்புக்காக வேலையை விட்டவர், கணக்கில் வேலையை விட்டவர் மட்டுமே.

இந்தக் கணக்குப் பிழைக்குப் பொருளியல் துறையும் பொறுப்பேற்க வேண்டும். வீட்டு வேலைக்கு ஊதியம் பெறும் பெண்ணை அவ்வீட்டு உரிமையாளர் மணந்துகொண்டால் நாட்டு வருமானம் குறைந்துவிடுகிறதே என்று ஆங்கிலேயப் பொருளியலறிஞர் ஆர்தர் பிகூ நூறாண்டுகளுக்கு முன்பே சுட்டிக்காட்டினார். வேலை அதேதான், ஊதியம் நின்றதும் அது கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. முடிவு தெரிந்திருந்தும் நாம் கணக்கை மாற்றிக்கொள்ளவில்லை.

ஆனால், நேரத்தை அளந்தால் உண்மை தெரிகிறது. மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2024-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, 15 முதல் 59 வயது வரையிலான பெண்களில் 41 விழுக்காட்டினர் குடும்ப உறுப்பினர்களைப் பராமரிக்கும் பணியில் ஈடுபட்டிருந்தனர். அவர்கள் அதற்கென நாளொன்றுக்குச் செலவிட்ட நேரம் சராசரியாக 140 நிமிடங்கள். ஆண்களில் இப்பணியில் ஈடுபட்டோர் 21.4 விழுக்காட்டினர், செலவிட்ட நேரம் 74 நிமிடங்கள். சமையல், துப்புரவு முதலான வீட்டு வேலைகளுக்கான நேரம் தனி. பெண்களின் ஊதியமில்லாத உழைப்பின் மதிப்பு ஆண்டுக்குச் சுமார் 22.7 லட்சம் கோடி ரூபாய், அதாவது உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 7.5 விழுக்காடு என்று பாரத ஸ்டேட் வங்கியின் ஆய்வுப் பிரிவு 2023-இல் மதிப்பிட்டது. பராமரிப்புப் பொறுப்பின் காரணமாகவே உலகெங்கும் 70.8 கோடிப் பெண்கள் வேலைச் சந்தைக்கு வெளியே நிற்கின்றனர் என்கிறது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2024-ஆம் ஆண்டு மதிப்பீடு.

இச்சுமை தமிழ்நாட்டில் வேகமாகக் கூடப்போகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நம் மாநிலத்தில் 60 வயதைக் கடந்தோர் பத்தில் ஒருவர். 2036-இல் அது ஐந்தில் ஒருவராகும் என்று மக்கள்தொகைக்கான தேசிய ஆணையத்தின் வல்லுநர் குழு கணித்துள்ளது. மறுபுறம், குடும்பங்கள் சுருங்கிவிட்டன. நான்கு பிள்ளைகள் முறைவைத்துப் பார்த்துக்கொண்ட பெற்றோரை இன்று ஒரு மகனோ மகளோ பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஒருவரும் பெரும்பாலும் வேலைக்குச் செல்பவர். இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. நோய் முற்றிய நிலையில் அவர்களுக்குப் பகலும் இரவும் அருகில் ஓர் ஆள் தேவை.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமை என்று 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் விதிக்கிறது. பேணத் தவறினால் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை வழங்க உத்தரவிடலாம். பராமரிக்கும் பொறுப்பில் உள்ளவர் முதியவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. அஸ்ஸாம் மாநிலம் 2017-இல் ஒரு படி மேலே சென்று, பெற்றோரைக் கவனிக்காத அரசு ஊழியரின் ஊதியத்தில் 10 விழுக்காட்டைப் பிடித்துப் பெற்றோருக்கு வழங்கச் சட்டம் இயற்றியது.

இச்சட்டங்களின் நோக்கத்தைக் குறைசொல்ல முடியாது. ஆனால், இவை அனைத்தும் பராமரிப்பைப் பணமாகவே பார்க்கின்றன. படுக்கையில் இருப்பவருக்குப் பணத்தைப் போலவே, சில வேளைகளில் பணத்தைவிடவும் கூடுதலாக, உடனிருப்பவரின் நேரம் தேவைப்படுகிறது. அந்த நேரம் பிள்ளையின் கையில் இல்லை. அது அவருக்கு வேலை தருபவரின் கையில் இருக்கிறது. கடமையை ஒருவர்மீது சுமத்திய சட்டம், அதை நிறைவேற்றுவதற்கான நேரத்தைத் தரும்படி மற்றவரிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

கடந்த 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இந்த முரண் தொடர்கிறது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் 'குடும்பம்' என்பதன் வரையறையில் பெண் ஊழியரைச் சார்ந்திருக்கும் மாமனார், மாமியாரும் இடம்பெற்றுள்ளனர், இது வரவேற்கத்தக்கது. ஆனால், அந்த மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல அப்பெண்ணுக்கு ஒரு நாள் விடுப்பு உரிமைகூட அத்தொகுப்பில் இல்லை. மகப்பேறு விடுப்பு உண்டு. 50 பேருக்கு மேல் பணியாற்றும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் உண்டு. பராமரிப்பு என்றாலே கைக்குழந்தை என்பதோடு நம் சட்டத்தின் பார்வை நின்றுவிடுகிறது.

'ஏற்கெனவே உள்ள விடுப்புகளே போதுமே' என்று சிலர் கேட்கலாம். வயதான பெற்றோரைக் கவனிப்பது உள்ளிட்ட எந்தச் சொந்தக் காரணத்துக்காகவும் ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு, 20 நாள் அரை ஊதிய விடுப்பு, 8 நாள் தற்செயல் விடுப்பு ஆகியவற்றை மத்திய அரசு ஊழியர்கள் பயன்படுத்தலாம் என்று 2025 ஜூலையில் மாநிலங்களவையில் அரசு பதிலளித்தது. இந்த வசதி உள்ளவர்கள் நாட்டின் உழைப்பாளர்களில் சிறு பகுதியினரே. அவர்களுக்கும் ஈட்டிய விடுப்பு என்பது மேலதிகாரி இசைந்தால் கிடைப்பது. நோயோ முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு வருவதில்லை.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வாரத்துக்கு இரண்டு முறையேனும் டயாலிசிஸ் தேவை. ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். போக்குவரத்தையும் சேர்த்தால் அரை நாள். ஆண்டுக்கு 104 அரை நாள்கள், அதாவது 52 முழு நாள்கள். ஆண்டு முழுவதற்குமான 12 நாள் தற்செயல் விடுப்பு மூன்று மாதங்களுக்குள் தீர்ந்துவிடும். அதன்பின் உடன் செல்பவருக்குப் பொய் சொல்வது அல்லது வேலையை விடுவது என்ற இரண்டு வழிகளே எஞ்சுகின்றன. கட்டடத் தொழிலாளிக்கும் வீட்டுப் பணியாளருக்கும் அந்த 12 நாளும் இல்லை. அவர்களுக்கு மருத்துவமனையில் கழியும் ஒவ்வொரு நாளும் கூலி இல்லாத நாள்.

பிற நாடுகள் இச்சிக்கலை நமக்கு முன்பே சந்தித்தன. ஜப்பானில் குடும்பத்தினரைப் பராமரிப்பதற்காக ஆண்டுதோறும் சுமார் ஒரு லட்சம் பேர் வேலையை விடுகின்றனர். அவர்களில் பலர் நிறுவனத்துக்கு மிகவும் தேவைப்படும் நாற்பது, ஐம்பது வயதினர். அங்கு நோயுற்ற உறவினர் ஒருவருக்கு மொத்தம் 93 நாள்கள் பராமரிப்பு விடுப்பு உண்டு. மூன்று தவணைகளாக எடுத்துக்கொள்ளலாம். அக்காலத்தில் ஊதியத்தின் 67 விழுக்காட்டை வேலைவாய்ப்புக் காப்பீட்டு நிதி வழங்குகிறது. அந்த 93 நாள்களையும் ஊழியரே நோயாளியின் அருகில் அமர்ந்து கழிக்க வேண்டும் என்பது நோக்கமன்று. பராமரிப்புக்கான ஏற்பாடுகளைச் செய்துவிட்டு அவர் வேலைக்குத் திரும்புவதற்கான அவகாசமாகவே அரசு அதைக் கருதுகிறது. 2000-ஆம் ஆண்டு முதல் அங்கு நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடும், அதன் வழியே பகல்நேர மையங்களும் வீடு தேடி வரும் உதவியாளர்களும் இருப்பதால்தான் இது இயல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2019-ஆம் ஆண்டு நெறிமுறையின்படி ஆண்டுக்குக் குறைந்தது ஐந்து நாள் பராமரிப்பாளர் விடுப்பை உறுதிசெய்துள்ளது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே ஆண்டுக்கு ஒரு வாரம் ஊதியமில்லா விடுப்பும், பணி நேரத்தை மாற்றித் தருமாறு கோரும் உரிமையும் உண்டு.

நாம் சட்டம் இயற்றும்போது, யார் செலவை ஏற்பது என்ற கேள்வியைத் தவிர்க்கக் கூடாது. மகப்பேறு விடுப்பை 2017-இல் 26 வாரங்களாக உயர்த்தியபோது, இ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே உள்ளவர்களின் விடுப்பு ஊதியம் முழுவதையும் நிறுவனங்களின் தலையில் ஏற்றினோம். இதனால் பெண்களை வேலைக்கு எடுக்கவே சில நிறுவனங்கள் தயங்குகின்றன என்ற குறை அன்று முதல் கேட்கப்படுகிறது. பராமரிப்பு விடுப்பிலும் அதே பிழையைச் செய்தால், வயதான பெற்றோர் உள்ளவரா என்று நேர்காணலிலேயே விசாரிக்கும் நிலை வரும். எனவே, நீண்ட விடுப்புக்கான ஊதியம் காப்பீட்டு நிதியிலிருந்து வரவேண்டும். அந்த விடுப்பு ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக இருக்கவேண்டும். பெண்ணுக்கு மட்டும் கொடுத்தால், அவரை மீண்டும் வீட்டுக்கே அனுப்பும் சட்டமாக அது முடியும்.

செய்யவேண்டியவை என நான் கருதுபவை நான்கு. முதலாவது, பராமரிப்பாளர் யார் என்று தொழிலாளர் சட்டம் வரையறுக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஊதியம் பெற்றோ பெறாமலோ பராமரிக்கும் குடும்பத்தினரையும் உள்ளடக்கி ஏற்கெனவே ஒரு வரையறையைத் தந்துள்ளது. அதை முதியோர், நாள்பட்ட நோயாளிகள் ஆகியோரைப் பராமரிப்போருக்கும் விரிவாக்கினால் போதும்.

இரண்டாவது, ஆண்டுக்குப் பத்து நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்பும், கடும் நோய்க் காலத்தில் மூன்று மாதம் வரை இ.எஸ்.ஐ. போன்ற நிதியிலிருந்து பகுதி ஊதியத்துடன் கூடிய விடுப்பும் உரிமையாக வேண்டும். மூன்றாவது, பணி நேரத்தை மாற்றிக் கேட்கும் உரிமை. கோரிக்கையை மறுக்கும் நிர்வாகம் அதற்கான காரணத்தை எழுத்தில் தரவேண்டும். நான்காவது, முறைசாராத் தொழிலாளர்களுக்கு விடுப்பு பொருளற்றது என்பதால், நல வாரியங்கள் வழியாகப் பராமரிப்பு உதவித்தொகை வழங்கப்பட வேண்டும். கேரளம் 'ஆஸ்வாசகிரணம்' திட்டத்தின் மூலம், படுத்த படுக்கையாக இருப்போரைப் பராமரிப்பவருக்கு மாதம் 600 ரூபாய் என்று வகுத்தது. தொகை சிறிதாயினும், பராமரிப்பவர் என்று ஒருவர் இருக்கிறார் என்பதை ஓர் அரசு ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. மகளிர் உரிமைத் தொகை வழியாகப் பெண்களின் ஊதியமில்லா உழைப்பை ஏற்று, 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாகப் படுக்கையில் இருப்போரின் வீட்டுவாசல் வரை சென்ற தமிழ்நாடு, அடுத்த அடியை எடுத்து வைப்பது கடினமன்று.

விடுப்பைத் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்ற அச்சம் எழலாம். எந்த விடுப்புக்கும் அந்த அச்சம் பொருந்தும். மருத்துவச் சான்றும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் சரிபார்ப்பதற்குப் போதுமானவை. செலவைப் பற்றிக் கவலைப்படும் நிறுவனங்கள், இருபது ஆண்டு அனுபவம் உள்ள ஒருவர் விலகியபின் அவருடைய இடத்துக்குப் புதியவரைத் தேர்ந்து பழக்குவதற்கு ஆகும் செலவையும் கணக்கிட்டுப் பார்க்கட்டும். இமாச்சலப் பிரதேச அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியை ஒருவருக்கு, மாற்றுத்திறனாளி மகனைக் கவனிக்க விடுப்பு மறுக்கப்பட்ட வழக்கில், பெண்கள் பணியில் பங்கேற்பது அரசமைப்புச் சட்டம் தரும் உரிமை. அதை இத்தகைய மறுப்பால் பறிக்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் உணர்த்தியது. ஒவ்வொரு தாயும் ஒவ்வொரு மகனும் நீதிமன்றம் வரை செல்ல முடியாது.

என்னுடன் பணியாற்றிய அந்தப் பேராசிரியைக்குத் தேவைப்பட்டது மூன்று மாத விடுப்புகூட இல்லை. காலை ஒன்பதரை மணி வகுப்பு பதினொன்றரைக்கு மாறியிருந்தால் போதும். கல்லூரிக்கு அதனால் ஒரு ரூபாய்கூடச் செலவாகியிருக்காது. அதை மறுக்க எனக்கு அதிகாரம் இருந்தது. கேட்க அவருக்கு உரிமை இல்லை. நாடெங்கும் மேசைகளுக்குப் பின்னால் என்னைப் போன்றவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் இரக்கம் உள்ளவர் யார் என்று தேடி அலையும் நிலையில் ஓர் ஊழியரை வைத்திருக்கக் கூடாது. அதற்காகத்தான் சட்டம் வேண்டும்.