ஒரு பொட்டலம், ஒரு லிட்டர்

கடலூரை அடுத்த திருவந்திபுரத்தில் தேவநாத சுவாமி கோயிலை ஒட்டி ஓடுகிறது கெடிலம் ஆறு. கோடையில் போனால் மணல்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் அதே கெடிலம் கரையை முட்டிக்கொண்டு போகும். கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் புதிதில்லை. 2004இல் சுனாமி, 2011இல் தானே புயல், 2015இல் பெருவெள்ளம், 2024இல் ஃபெஞ்சல் புயல். கடைசியாகச் சொன்னதில் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் மூழ்கின.

வெள்ளத்தின் ஆபத்து, தண்ணீர் வடிந்ததும் தீர்ந்துவிடாது. சாக்கடையும் கழிவும் குடிநீரில் கலந்திருக்கும். அதைக் குடித்தால் வாந்தி, பேதி. அப்போது முட்டியளவு சேற்றில் நடந்து வருவார்கள் சுகாதாரப் பணியாளர்கள். சுகாதார ஆய்வாளர் தெருக்குழாய்த் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, சில சொட்டு மருந்து விடுவார். தண்ணீர் மஞ்சளாக மாறினால் அதில் குளோரின் இருக்கிறது. நிறம் மாறாவிட்டால், மேல்நிலைத் தொட்டியில் உடனே பிளீச்சிங் பவுடர் கலக்கச் சொல்வார்.

கிராம சுகாதார செவிலியர் வீடு வீடாகப் போவார். "பாப்பாவுக்கு எத்தனை தடவை போச்சு? கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனா?" என்று கேட்டுக்கொண்டே குழந்தையின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் லேசாகக் கிள்ளித் தூக்கி விடுவார். நல்ல உடம்பென்றால் தோல் சட்டென்று பழைய நிலைக்குப் போய்விடும். மெதுவாகப் போனால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது என்று பொருள். எந்த இயந்திரமும் வேண்டாத இந்தச் சோதனையை நான் பெரிய அறிவியல் என்றே சொல்வேன். பிறகு பையிலிருந்து ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை எடுத்துக் கொடுப்பார். காசு கிடையாது.

அதில் இருப்பது குளுக்கோஸும் சில உப்புகளும்தான். பேதிக்கு இது எப்படி மருந்தாகும்? நம் சிறுகுடல் சுவரில் நுண்ணிய வாசல்கள் உண்டு. குளுக்கோஸும் உப்பிலுள்ள சோடியமும் சேர்ந்து வந்தால்தான் அவற்றில் ஒரு வாசல் திறக்கும். இரண்டும் உள்ளே போனதும் தண்ணீரும் பின்னாலேயே போய்விடும். காலரா கிருமியின் நச்சு குடலிலிருந்து தண்ணீரை வெளியே கொட்ட வைத்தாலும், இந்த வாசலை மட்டும் அதனால் அடைக்க முடிவதில்லை. இனிப்புதானே என்று கலர் சோடா கொடுத்தால் உதவாது. அதில் சர்க்கரை மிக அதிகம். அது உடம்பின் நீரைக் குடலுக்குள் இழுத்து பேதியைக் கூட்டிவிடும்.

ஓ.ஆர்.எஸ். பேரிடரில் எவ்வளவு பெரிய உதவி என்பது 1971இல் தெரிந்தது. வங்கதேசப் போரில் தப்பி வந்த அகதிகள் மேற்கு வங்கத்தின் பங்கான் ஊரில் நெருக்கியடித்துத் தங்கியிருந்தார்கள். காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு மூன்றையும் அளந்து கலந்து, பீப்பாய்களில் கரைத்து வைத்தார். நோயாளியின் உறவினர்களே குவளையில் மொண்டு கொடுத்தார்கள். நூற்றுக்கு முப்பது பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில், சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. 2023இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அவர் காலமாகியிருந்தார்.

டாக்டர் வர முடியாத இடத்தில் பயிற்சி பெற்ற ஓர் அக்காவோ, சொல்லித் தந்தால் நம் அம்மாவோ உயிரைக் காக்க முடியும் என்று காட்டியது அந்த முகாம்தான்.

உங்கள் வீட்டிலும் தெரிந்திருக்கட்டும்: பெரிய பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், அரை லிட்டர் என்று கண்ணால் அளக்கக் கூடாது. குழந்தை வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் திரும்பக் கொடுக்கலாம். கரைத்தது 24 மணி நேரத்துக்குமேல் ஆகாது, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். குழந்தை துவண்டு கிடந்தாலோ, குடிக்கவே முடியாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.