ஒரே வரியை இருமுறை வாசிக்கும் நுட்பம்

கொமடோர் நிறுவனம் 1987இல் வெளியிட்ட அமிகா 500 போன்ற வீட்டுக் கணினியை இன்றைய மானிட்டரில் இணைக்க எந்தக் கம்பி வாங்க வேண்டும் என்ற கேள்வி பழங்கணினி ஆர்வலர்களிடையே அடிக்கடி எழுகிறது. அதன் 23 ஊசிச் செருகியை விஜிஏ செருகியாக மாற்றித் தரும் இணைப்பி கிடைக்கிறது. இரு பக்கமும் சிவப்பு, பச்சை, நீல நிறங்களைத் தனித்தனிக் கம்பிகளில் கடத்துபவையே. ஆயினும் அந்த இணைப்பியை மட்டும் பொருத்தினால் பெரும்பாலான மானிட்டர்களில் படம் தோன்றாது. வேகம் பொருந்தாததே அதற்குக் காரணம்.

வீட்டுக் கணினி தோன்றிய காலத்தில் மலிவாகக் கிடைத்த திரை தொலைக்காட்சிப் பெட்டி என்பதால், ஐரோப்பாவில் விற்ற அமிகா அங்கு வழங்கிய பால் (PAL) தொலைக்காட்சி முறையைத் தழுவி, நொடிக்கு ஏறத்தாழ 15,625 வரிகளை அனுப்பியது. அதே 1987இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய விஜிஏ முறை நொடிக்கு ஏறத்தாழ 31,469 வரிகளைக் கேட்டது. பின்வந்த மானிட்டர்களில் மிகப் பல அதைவிட மிகவும் குறைந்த வேகத்தை ஏற்பதில்லை.

முதல் எண்ணை இரட்டித்தால் கிடைக்கும் 31,250, விஜிஏயின் வேகத்துக்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான தொலைவிலேயே நிற்பது இத்துறையின் பெரும் நற்பேறு. ‘ஸ்கேன் டபிளர்’ எனப்படும் வரி இரட்டிப்பான் இதைப் பயன்படுத்தி, கணினி 64 மைக்ரோ நொடியில் அனுப்பும் ஒரு வரியை நினைவகத்தில் எழுதிக்கொண்டு, அடுத்த 64 மைக்ரோ நொடிக்குள் அதையே இரு மடங்கு வேகத்தில் இருமுறை வாசித்துத் திரைக்குத் தருகிறது. எழுதுவதும் வாசிப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டியிருப்பதால் இரண்டு நினைவகங்கள் மாறி மாறி உழைக்கின்றன.

திருமணப் பந்தியில் ஒரு வாளி அடுக்களையில் நிரம்பும் நேரத்திலேயே மற்றொரு வாளியோடு ஓடுபவர் இரண்டு வரிசை இலைகளுக்கும் பரிமாறி முடித்து, வாளி மாற்றிக்கொண்டு அடுத்த இரு வரிசைக்கு விரைவதை இதற்கு ஒப்பிடலாம். முதல் வரிசைக்கு ஊற்றிய பின்னும் இந்த வாளியில் சாம்பார் ஒரு துளியும் குறையாது. இரண்டாம் வரிசைக்கும் அதே அளவு, அதே காய், அதே இடத்தில் விழும். அடுக்களைக்காரரும் பரிமாறுபவரும் ஒரே கடிகாரத்தைப் பார்த்து நடக்காவிட்டால் பந்தி முழுதும் குழம்பிப் போகும். அந்தக் கடிகாரமே ஒவ்வொரு வரியின் தொடக்கத்தையும் அறிவிக்கும் ஒத்திசைவுத் துடிப்பு.

இதற்கு வேண்டிய நினைவகம் வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. வரிக்கு 640 புள்ளிகளும், 4,096 நிறங்களைக் குறிக்கப் புள்ளிக்கு 12 பிட்டும் என்று கொண்டால், ஒரு வரி 960 பைட்டில் அடங்கிவிடுகிறது. தாமதமும் ஒரு வரியின் அளவே. மாறாக, ‘4கே தரம்’ என்று விளம்பரப்படுத்தப்படும் மலிவுப் பெட்டிகள் பலவும் முழுப் படத்தையும் சேமித்துப் பெரிதாக்குவதால் ஒரு படத்துக்குரிய 20 மில்லி நொடியோ அதற்கும் மேலோ பின்தங்கக்கூடும். அதைவிடப் பெரிய குறை, தொலைக்காட்சி ஒரு படத்தை ஒற்றை வரி, இரட்டை வரி என இரு பாதிகளாக அனுப்புவதைப்போலவே கணினியும் அனுப்புகிறது என்று அவை கருதிவிடுவது. அமிகா தன் வழக்கமான முறையில் ஒவ்வொரு முறையும் முழுமையான தனிப் படத்தையே அனுப்புவதால், தொடர்பற்ற இரு படங்கள் ஒன்றாகப் பின்னப்பட்டு, நகரும் உருவங்களின் ஓரங்கள் சீப்புப் பற்களாகச் சிதைகின்றன.

வரி இரட்டிப்பானாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு: அது வரிகளின் வேகத்தைத்தான் மாற்றுகிறதே தவிர, நொடிக்கு 50 படங்கள் என்ற எண்ணிக்கையை மாற்றுவதில்லை; அந்த எண்ணிக்கையை எல்லா மானிட்டர்களும் ஏற்பதில்லை. ஆகவே, வாங்குபவர் பெட்டியின் மேலுள்ள விளம்பரச் சொற்களை நம்புவதைவிட, மானிட்டரின் கையேட்டில் 31 கிலோஹெர்ட்ஸ் கிடை வேகமும் 50 ஹெர்ட்ஸ் செங்குத்து வேகமும் ஏற்கப்படுகின்றனவா என்று பார்த்துக்கொள்வதே பணத்துக்கும் பழைய கணினிக்கும் நன்மை பயக்கும்.