கொல்லைத் தோட்டத்தில் காரமிளகாயும் குடைமிளகாயும்

மிளகாய் இந்நாட்டின் பழம்பயிர் அன்று. அமெரிக்கக் கண்டத்திற்குரிய அச்செடி பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவை வந்தடைந்தது. அதற்குமுன் காரத்திற்கு மிளகையே நம்பியிருந்த மக்கள், புதிதாக வந்ததை மிளகுபோல் உறைக்கும் காய் என்று கொண்டு, அப்பெயராலேயே வழங்கலாயினர். காரமற்ற குடைமிளகாய் வெகுகாலம் கழித்தே சமவெளிக் கிராமங்களை எட்டிற்று. இவ்விரண்டும் தோற்றத்திலும் சுவையிலும் எவ்வளவு வேறுபட்டாலும், தாவர நூலார் கணக்கில் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. கொல்லையில் இரண்டையும் சேர்த்துப் பயிரிடுவோர்க்கு நேரும் குழப்பத்திற்கு இவ்வொற்றுமையே காரணமாகும்.

குடைமிளகாயைக் காரமிளகாய்க்குப் பக்கத்தில் வைத்தால் அதற்கும் காரம் ஏறிவிடும் என்று குடியானவர் பலர் கூறுவர். இக்கூற்றில் பாதி பிழை, பாதி உண்மை. காரச்செடியின் மகரந்தம் தேனீயின் காலில் ஒட்டிக் குடைமிளகாய்ப் பூவில் விழுந்தாலும், அப்பூவிலிருந்து உண்டாகும் காய் இனிப்பாகவே இருக்கும். ஏனெனில் காயின் தோலும் சதையும், விதைகள் பற்றியிருக்கும் வெண்ணிற நடுப்பாகமும் தாய்ச்செடியின் உடலேயன்றி வேறில்லை. காரம் ஊறுவது அவ்வெண்ணிறப் பாகத்தில்தான். விதையில் காரம் இருப்பதாகத் தோன்றுவது, அதன்மேல் அச்சாறு படிந்திருப்பதனால் ஆகும்.

ஆனால் அக்காயினுள் இருக்கும் விதையின் கதை வேறு. அது தாய் ஒன்றும் தந்தை ஒன்றுமாகப் பிறந்த கலப்பு விதை. அதை அடுத்த பருவத்தில் விதைத்தால் முளைக்கும் செடி காரக் காய்களையே காய்க்கும். காரம் ஓங்கு குணம் என்றும், அதன் உண்மையும் இன்மையும் ஒற்றைக் காரணியைப் பொறுத்தவை என்றும் தேஷ்பாண்டே என்னும் ஆராய்ச்சியாளர் இந்திய மிளகாய்களைக் கொண்டு நடத்திய சோதனைகளை 1935 இல் வெளியிட்டார். 2005 இல் அக்காரணியாகிய மரபணுவும் அமெரிக்காவில் இனங்காணப்பட்டது. ஆகையால் அயல்மகரந்தம் ஒருமுறை புகுந்த விதையை ஒரு வீட்டார் அறியாது சேமித்து, அண்டை வீட்டார்க்கும் பங்கிட்டுக் கொடுத்தால், அத்தெருவிலேயே தூய குடைமிளகாய் விதை இல்லாமற் போகும். கெட்ட விதையைக் கண்ணால் கண்டறிய இயலாது என்பதே இதிலுள்ள பெரிய ஆபத்து.

இனிப் பயிர்செய்யும் முறையைக் கவனிப்போம். காரமிளகாய்க்குத் தை, ஆனி, புரட்டாசி என்னும் மூன்று பட்டங்களும் ஏற்றவை. குடைமிளகாய்க்கு அவ்வளவு தாராளம் கிடையாது. பகல் வெப்பம் 32 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினால் அதன் பூவும் பிஞ்சும் உதிர்ந்துவிடும். நீலகிரி, கொடைக்கானல் முதலிய மலைப்பகுதிகளில் இவ்விடர் குறைவு. சமவெளியில் உள்ளோர் ஆவணியில் விதையூன்றி, மார்கழியிலும் தையிலும் காய் பறிக்கும்படி கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். சித்திரையில் குடைமிளகாய் பறிக்க ஆசைப்படுவது வீண் முயற்சியேயாகும்.

நாற்றுக்கு மணலும் மக்கிய எருவும் கலந்த மேட்டுப்பாத்தியோ, அடியில் துளையிட்ட தொட்டியோ போதும். விதையை நெருக்கமாகத் தூவுவதும், அந்தியில் நீரைத் தேக்கிவிடுவதும் நாற்றழுகலை வலிய அழைப்பனவாம். முளைகள் தரையோடு மடிந்து சாயக் கண்டால், மயில்துத்தம் 100 கிராம், நீற்றாத சுண்ணாம்பு 100 கிராம், நீர் 10 லிட்டர் என்னும் அளவில் போர்டோக் கலவை செய்து பாத்தியில் ஊற்றலாம். இதனை மண்பாண்டத்திலோ பிளாஸ்டிக் வாளியிலோ கலக்க வேண்டுமேயன்றி இரும்புப் பாத்திரத்தில் கலக்கலாகாது. துலக்கிய கத்தியொன்றைக் கலவையில் சிறிதுநேரம் அமிழ்த்தி எடுத்தால் செம்புநிறம் படியக்கூடாது; படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும் என்பது பொருள்.

நாற்பது நாள் வயதுடைய நாற்றை 2 அடிக்கு 1½ அடி இடைவெளியில் நடலாம். கத்தரியோ தக்காளியோ சென்ற பருவத்தில் நின்ற இடத்தை விலக்குக. அவற்றின் நோய்கள் இதற்கும் சொந்தம். புகையிலை தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் நாற்றைத் தொடுவதும் தகாது. புகையிலையின் தேமல் நோய் மிளகாய்க்கும் பற்றக்கூடியது. ஒரு குடும்பத்தின் அன்றாடச் செலவிற்குக் காரமிளகாய் பன்னிரண்டு செடிகளும், குடைமிளகாய் எட்டுச் செடிகளும் ஏறக்குறையப் போதியவை. வற்றலும் வேண்டுவோர் இராமநாதபுரம் முண்டு போன்ற உருண்டை ரகத்தைத் தனிப்பாத்தியில் வைக்கலாம். அந்த முண்டு மிளகாய் 2023 இல் புவிசார் குறியீடு பெற்றது.

எருவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. யூரியாவைக் கைநிறைய இட்டால் இலை தழைக்கும், காய் குறையும். குடைமிளகாய்க்கு எருவினும் நீரின் ஒழுங்கே முக்கியம். நான்கு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் வெள்ளமாகப் பாய்ச்சினால், சுண்ணாம்புச் சத்து காய்க்கு ஒழுங்காகச் சென்று சேராமல், காயின் நுனி பழுப்பேறி அழுகும். இதனை நோயென்று கருதி மருந்து தெளிப்போர் உண்டு. அவர்கள் செலவழிக்கும் பணம் அத்தனையும் நஷ்டமே. வேர்ப்பகுதியில் வைக்கோல் பரப்பி ஈரத்தை ஒரே சீராகக் காத்தல் ஒன்றே அதற்குப் பரிகாரம்.

மிளகாய்ச் செடிக்கு வரும் தொல்லைகளுள் இலைச்சுருட்டல் தலையாயது. இது ஒரே நோயன்று. மூன்று வெவ்வேறு காரணங்களால் உண்டாவது. காரணத்தை அறியாமல் கையில் கிடைத்த மருந்தை அடிப்பதனாலேயே தோட்டங்கள் பாழாகின்றன. இலையின் ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து ஓடம்போல் ஆகி, அடிப்புறம் வெள்ளி பூசினாற்போல் மினுங்கினால் இலைப்பேனின் வேலை. ஓரங்கள் கீழ்நோக்கி மடிந்து கவிழ்த்த ஓடம்போலாகி, இலைக்காம்பு வழக்கத்தினும் நீண்டிருந்தால், கண்ணுக்குப் புலப்படாத முரணைச் சிலந்தி புகுந்துள்ளது. இலைகள் சிறுத்து, நரம்பு தடித்து, செடி குட்டையாகிக் கொத்தாக நின்றால், அது வெள்ளை ஈ கொணர்ந்த நச்சுயிரி நோய், அதற்கு மருந்தில்லை. அச்செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதே மற்றச் செடிகளைக் காக்கும் வழி.

இலைப்பேனுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் நல்லது. கொட்டைப் பருப்பை இடித்து, லிட்டர் நீருக்கு 50 கிராம் வீதம் ஓரிரவு ஊறவைத்து, வடிகட்டிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, இலையின் அடிப்புறத்தில் மாலையில் தெளிக்க வேண்டும். முரணைக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 3 கிராம் போதும். கடும் வெயிலில் தெளித்தால் இலை கருகும். முரணை கண்ட செடிக்குப் பூச்சிக்கொல்லி அடிப்பது பெருந்தவறு. அது சிலந்தியைத் தின்னும் நன்மைப் பூச்சிகளை முதலில் கொன்றுவிடுமாதலால், முரணை முன்னிலும் பன்மடங்காகப் பெருகும்.

2021 இல் ஆந்திரம், தெலங்கானா மாநிலங்களின் மிளகாய் வயல்களைப் பெரிதும் அழித்த புதிய இலைப்பேன் ஒன்றையும் இங்குக் குறிப்பிட வேண்டும். அது பூவினுள்ளேயே கூட்டமாக அடைந்து பூவை உதிர்க்கும் இயல்புடையது. எனவே வாரம் இருமுறை சில பூக்களை வெள்ளைத்தாளின்மேல் தட்டிப் பார்க்கும் வழக்கம் நலம். கருநிறப் பேன்கள் பல விழக் கண்டால் வேளாண்மை அலுவலகத்திற்கு அறிவித்தல் வேண்டும். கிராம நிர்வாகத்தில் உள்ளோர் இச்செய்தியை முன்னின்று தெரிவித்தால், ஊரின் பெருவயல்கள் நேரத்தோடு எச்சரிக்கை பெறும்.

வயலுக்கென வாங்கிய கடும் மருந்தில் மிஞ்சியதைக் கொல்லைச் செடிக்கு அடிக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. வயலில் அறுவடைக்கு முன் மருந்து ஆறக் குறித்த நாட்கள் விடப்படும். கொல்லையிலோ காலையில் தெளித்த செடியில் மாலையில் பச்சைமிளகாய் கிள்ளிக் குழம்பிலிடுவர்; குழந்தைகள் குடைமிளகாயைப் பச்சையாகவே கடிப்பர். இப்பழக்கத்தை அறவே ஒழித்தல் வேண்டும்.

குடைமிளகாயைப் பசுங்காயாகவே பறித்துவிடாமல் சிலவற்றைச் செடியிலேயே சிவக்க விடுதல் தகும். பழுத்த மிளகாயில் வைட்டமின் சி மிகுதி. ஹங்கேரி தேசத்துச் செகெத் நகரில் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி அச்சத்தைப் பேரளவில் பிரித்தெடுத்தது அவ்வூர் மிளகாயிலிருந்தே. அவர் 1937 இல் நோபெல் பரிசு பெற்றார்.

விதை சேமிக்க விரும்புவோர் முதலில் தம்மிடமுள்ளது எவ்வகை விதை என்று அறிதல் அவசியம். கடைகளில் விற்கும் குடைமிளகாய் விதைகளுட் பல வீரிய ஒட்டு ரகங்கள். அவற்றின் காயிலிருந்து எடுக்கும் விதை தாயைப்போல் காய்க்காது. சந்தையில் வாங்கிய காயின் விதைக்கும் இதே குறை நேரலாம். ‘கலிபோர்னியா வொண்டர்’ முதலிய ஒட்டல்லாத ரகங்களே சேமிப்பிற்கு உரியவை. விதைச்சான்று பெறும் மிளகாய் வயல்கள் பிற ரகங்களிலிருந்து 200 மீட்டர் விலகியிருக்க வேண்டுமென்பது விதி. கொல்லையில் அது நடவாத காரியம். ஆகவே பூவையே காப்பாற்ற வேண்டும்.

நோயற்ற மூன்று நான்கு செடிகளில், மறுநாள் விரியக்கூடிய மொட்டுகளைத் தேர்ந்து, மெல்லிய மஸ்லின் துணிப் பையால் கிளையோடு மூடிக் கட்டுக. மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே கருக்கொள்ள வல்லது. காலையில் கிளையை விரலால் இருமுறை தட்டினால் போதும். பிஞ்சு பிடித்தபின் பையை எடுத்துவிட்டு, காம்பில் வண்ண நூல் ஒன்று கட்டிவைக்க வேண்டும். நூல் கட்டாத காயைச் சமையலுக்கே கொள்க. முந்திய ஆண்டின் கலப்பு விதையால் காரம் வந்துள்ள குடைமிளகாய்ச் செடி எது என்பது முதற்காயின் வெண்பாகத்தைச் சிறிது நாவில் வைத்தாலே தெரிந்துவிடும். அச்செடியை அழிக்க வேண்டுவதில்லை; அதன் காயையும் உண்ணலாம். அதில் விதை மட்டும் எடுக்கலாகாது.

நன்றாகச் சிவந்து சற்றே சுருங்கத் தொடங்கிய பழத்தைக் கீறி விதையெடுத்து, நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, ஈரம் புகாத சீசாவில் அடைத்துக் குளிர்ந்த இடத்தில் வைத்தால், இரண்டு ஆண்டுகள் வரை முளைப்புத்திறன் குன்றாதிருக்கும். இருவகை விதைகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றுமாதலால், சீசாவின்மேல் ரகத்தின் பெயரையும் எடுத்த மாதத்தையும் ஆண்டையும் அன்றைக்கே எழுதி ஒட்டிவிட வேண்டும்.