கடலுக்குள் இறங்கும் முன் ‘வேண்டாம்’ என்று சொல்லப் பழகுவோம்

ஹுத்தான் மெலிந்தாங்கில் வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் புதிதல்ல. பேராக்கையும் சிலாங்கூரையும் பிரிக்கும் பெர்னாம் ஆறு எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டுதான் மலாக்கா நீரிணைக்குப் போகிறது. மீன்பிடிப் படகுகளையும் இறால் கூடைகளையும் பார்த்தே வளர்ந்தோம். ஆனால் அந்தத் தண்ணீரின் நிறம் தேநீரின் நிறம். ஆறுகள் கொண்டுவரும் வண்டலும் அலையாத்திக் காட்டுச் சேறும் கலந்த கடல் அது. இறாலும் நண்டும் பெருகுவதற்கு நல்ல இடம். வெளிச்சத்தை நம்பி வாழும் பவளப்பாறைகள் அங்கே தழைப்பதில்லை.

அவற்றைப் பார்க்க வேண்டுமானால் தீபகற்பத்தின் மறுபக்கம் போக வேண்டும். பல்கலைக்கழக நண்பர்கள் நால்வர், வரும் ஆகஸ்ட் விடுமுறையில் திரங்கானுவின் பெர்ஹெந்தியான் தீவுகளுக்குச் சென்று ஸ்கூபா முக்குளிப்பு கற்கத் திட்டமிட்டிருக்கிறோம். ஆளுக்கு மாதம் 200 வெள்ளி, பத்து மாதச் சேமிப்பு. கல்விக் கடனில் கைவைப்பதில்லை என்பது எங்களுக்குள் முதல் ஒப்பந்தம்.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா கேட்ட கேள்வி: “காசு கொடுத்துத் தண்ணிக்குள்ள போயி மூச்ச அடக்கணுமா?”

மூச்சை அடக்கக் கூடாது என்பதுதான் ஸ்கூபாவின் முதல் விதி என்று படித்த பிறகே எனக்குத் தெரிந்தது. கடல்மட்டத்தில் நம் மீது ஒரு மடங்கு காற்றழுத்தம் இருக்கிறது. பத்து மீட்டர் ஆழத்தில் அது இரண்டு மடங்காகிறது. அங்கே நிரப்பிய நுரையீரலோடு மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், உள்ளே இருக்கும் காற்று இரு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் தாங்காது. நான்காம் படிவ இயற்பியலில் மனப்பாடம் செய்த பாயில் விதி, இங்கே உயிர் காக்கும் விதி.

எப்போது போவது?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். கிழக்குக் கரையில் அலை உயர்ந்து, தீவுகளின் தங்குமிடங்களில் பெரும்பாலானவை மூடப்படும். மார்ச் முதல் அக்டோபர் வரைதான் போக ஏற்ற காலம். அதிலும் ஒரு கவலை உண்டு. கடல்நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரங்கள் அப்படியே நீடித்தால், பவள உயிரிகள் தமக்குள் வாழ்ந்து உணவூட்டும் நுண்பாசிகளை வெளியேற்றிவிடும். அதன்பின் வெண்ணிற எலும்புக்கூடு மட்டுமே தெரியும். இதைத்தான் வெளுப்பு என்கிறார்கள். 2010-இல் இப்படி நேர்ந்தபோது தியோமான், ரெடாங், பாயார் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களை அரசாங்கம் சில மாதங்களுக்கு மூடியது. 2024-இல் உலகளாவிய வெளுப்பு நான்காம் முறையாக அறிவிக்கப்பட்டது. நாங்கள் போகும் காலத்தில் ஓர் இடம் மூடப்பட்டால், அதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறோம்.

பெர்ஹெந்தியானைச் சுற்றியுள்ள கடல், 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் கீழ் 1994-இல் கடல் பூங்காவாக அரசிதழில் வெளியிடப்பட்டது. கரையிலிருந்து இரண்டு கடல் மைல் வரை மீன்பிடிக்கவோ பவளத்தை எடுக்கவோ தடை. கல் போலத் தோன்றும் சில பவளங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்கின்றன. மிதக்கத் தெரியாமல் காலை உதறும் ஒரு புதியவர், இருபது ஆண்டு வளர்ச்சியை ஒரே உதையில் உடைத்துவிடலாம்.

படகுக்கு முன் நீச்சல் குளம்

அதனால்தான் நாங்கள் இப்போதே குளத்துக்குப் போகிறோம். அடிப்படைச் சான்றிதழ் பயிற்சியில் நிற்காமல் 200 மீட்டர் நீந்த வேண்டும். பத்து நிமிடம் மிதக்க வேண்டும். அதன்பின் பாடம், குளத்துப் பயிற்சி, கடலில் நான்கு முக்குளிப்புகள். மொத்தம் மூன்று நான்கு நாள். முடித்தவர்கள் 18 மீட்டர் ஆழம் வரை போகலாம். ‘ஒரு நாள் அனுபவம்’ என்ற மலிவான வழியும் உண்டு. அதில் பயிற்றுநரின் கண்பார்வையில் 12 மீட்டருக்குள் நிற்க வேண்டும். விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள், நண்பர்களே. ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர், படகில் அவசர ஆக்சிஜன் இருக்கிறதா என்ற இரண்டையும் கேட்டுவிட்டு விலையைக் கேளுங்கள்.

பயிற்சிக்கு முன் ஒரு மருத்துவப் படிவம் நிரப்ப வேண்டும். ஆஸ்துமா, இதயநோய், வலிப்பு, காது அறுவை சிகிச்சை என்று கேள்விகள் நீளும். சிலவற்றுக்கு ‘ஆம்’ என்று எழுதினாலே மருத்துவர் ஒப்புதல் இல்லாமல் தண்ணீரில் இறங்க முடியாது. எங்களில் ஒருத்திக்குச் சிறுவயதில் ஆஸ்துமா இருந்தது. “பத்து வருஷமா ஒண்ணும் இல்லயே, ‘இல்ல’ன்னு போட்டுடலாமா?” என்று கேட்டாள். யாரும் உடனே பதில் சொல்லவில்லை. அவள் இல்லாமல் போனால் அறைச் செலவு மூவர் தலையில் விழும் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த மௌனம்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

முக்குளிப்பவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. யாரும், எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் முக்குளிப்பை நிறுத்தலாம். காது வலித்தாலும் சரி, மனம் சரியில்லை என்றாலும் சரி. விளக்கம் கேட்கக் கூடாது. கேலி செய்யக் கூடாது. நம் வீடுகளில் இது பழக்கமில்லாத பாடம். “காசு கட்டியாச்சே”, “எல்லாரும் போறாங்களே” என்ற இரண்டு சொற்றொடர்களுக்குப் பயந்து நாம் எத்தனையோ இடங்களில் தலையாட்டிவிடுகிறோம். கல்யாண வீட்டில் தலையாட்டினால் வயிறுதான் நிறையும். பதினெட்டு மீட்டர் ஆழத்தில் அப்படித் தலையாட்ட முடியாது.

திரும்பி வரும் வழி

பயணத்தின் கடைசிப் பகுதியைத்தான் நாங்கள் அதிகம் விவாதித்தோம். ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடலில் கரைகிறது. அது மெதுவாக வெளியேற அவகாசம் தராமல் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால், உடலுக்குள் குமிழ்களாக மாறலாம். மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை கொண்டுபோய்விடும். ஆகவே பல நாள் முக்குளித்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்பது பரிந்துரை.

நாங்கள் விமானத்தில் போகவில்லை, காரில்தான் போகிறோம். ஆனால் கோலா பெசூட்டிலிருந்து பேராக் திரும்ப ஜெலி – கெரிக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை வழியே தித்திவங்சா மலைத்தொடரைக் கடக்க வேண்டும். அந்தச் சாலையின் உச்சி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஆயிரம் மீட்டர். காரில் ஏறினாலும் மலை மலைதான். அதே எச்சரிக்கை இங்கும் பொருந்தும். நைட்ரஜன் குமிழ் நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை, லுமுட் கடற்படைத் தளத்தில் இருக்கிறது. எங்கள் மாநிலம்தான், ஆனால் அந்த மலைக்கு இந்தப் பக்கம்.

அதே சாலையில்தான் 2025 ஜூன் 9-ஆம் தேதி நள்ளிரவு தாண்டிய நேரத்தில், ஜெர்த்தேயிலிருந்து தஞ்சோங் மாலிம் திரும்பிக்கொண்டிருந்த சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்களின் பேருந்து விபத்துக்குள்ளாகி, 15 மாணவர்கள் உயிரிழந்தனர். எங்கள் வயதுப் பிள்ளைகள். அப்பா அதைச் சொல்லித்தான் தயங்கினார். அவருக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த திட்டம் இதுதான்: கடைசி முக்குளிப்பு மதியம் ஒரு மணிக்குள் முடியும். அன்றிரவு தீவிலேயே தங்குவோம். மறுநாள் காலை எட்டு மணிப் படகு. மலையை உச்சிவெயிலில் கடப்போம். இரவில் அந்தச் சாலையில் கார் ஓடாது. ஓர் இரவு அறை வாடகை கூடுதல்தான். நைட்ரஜனுக்கும் நல்லது, அப்பாவின் தூக்கத்துக்கும் நல்லது. தாளைப் படித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அது சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

‘பெர்ஹெந்தியான்’ என்றால் மலாயில் நிற்குமிடம். அக்காலத்தில் கடலோடிகள் பயணத்தின் நடுவே தங்கிச் சென்ற இடம் என்பதால் அந்தப் பெயர். எங்கே நிற்பது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வதும் பயணத் திட்டம்தான்.

எங்கள் தோழி படிவத்தில் ‘ஆம்’ என்றே எழுதினாள். மருத்துவர் நுரையீரல் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். முடிவு வரும்வரை யாரும் முன்பணம் கட்டுவதில்லை. மருத்துவர் வேண்டாம் என்றால் அவள் மேலே ஸ்நோர்கல் போட்டு மிதப்பாள். அறைச் செலவை அப்போதும் நாலாகவே பிரிப்போம். அங்கே கரையோர ஆழமற்ற நீரிலும் ஆமைகள் வந்து மேய்கின்றன. ஒருவேளை எங்களுக்கு முன்பே அவள் பார்த்துவிடக்கூடும்.