வீட்டுப் பாடம் முடியாத பிள்ளை

ராத்திரி வீட்டுப் பாடத்துக்கு உட்கார்ந்த பிள்ளை ஒரு மணி நேரமாகியும் நாலு வரி எழுதவில்லை. “மண்டையிலே ஒண்ணும் ஏறலே” என்று ரோத்தானை எடுக்கிறோம். எடுப்பதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். பிள்ளைக்கு மனசு இல்லையா, அல்லது முடியவில்லையா?

புத்தகத்தை மூக்கருகே வைத்துப் பார்க்கிறதா? கண்ணில் குறை இருக்கலாம். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லையா? காதில் சீழ் வடிகிறதா? காது கேளாமல் இருக்கலாம். பேச்சில் கெட்டிக்காரப் பிள்ளை, எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும் திணறுகிறதா? டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறையாக இருக்கலாம். அது சோம்பேறித்தனமும் அல்ல, மந்த புத்தியும் அல்ல.

முதலில் அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். தேவையென்றால் பத்து பாகாட் சுல்தானா நோரா இஸ்மாயில் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை:

1. பிள்ளை வந்ததும் சாப்பாடு, கொஞ்சம் ஓய்வு. அப்புறமே பாடம். தினமும் அதே நேரம், அதே இடம், நல்ல வெளிச்சம். டி.வி.யை அடைத்துவிடுங்கள்.

2. பத்துக் கணக்கையும் ஒரே மூச்சில் போடச் சொல்லாதீர்கள். மூன்று போட்டதும் சற்று எழுந்து நடக்கட்டும்.

3. படிக்கும் வரிக்குக் கீழே அடிக்கோலை வைத்தால் கண் தடுமாறாது.

4. கைப்பிடி பலமில்லாத பிள்ளைக்குப் பென்சிலில் துணியைச் சுற்றித் தடிப்பாக்குங்கள். தாள் நழுவாமல் மேசையில் ஒட்டுங்கள்.

5. கணக்குக்குப் புளியங்கொட்டை போதும். தொட்டு எண்ணினால் மனசில் பதியும்.

“எனக்கே எழுதப் படிக்கத் தெரியாதே” என்கிறீர்களா, அம்மா? பக்கத்தில் உட்காருங்கள். “இன்னைக்கு டீச்சர் என்ன சொன்னாங்க, எனக்குச் சொல்லு” என்று கேளுங்கள். சொல்லச் சொல்லப் பாடம் ஊன்றும். ஆனால் பிள்ளைக்குப் பதிலாக நீங்களோ அண்ணன் அக்காவோ எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

எவ்வளவு நேரம் ஆனது, எங்கே திணறியது என்று ஆசிரியரிடம் சொல்லுங்கள். பாடத்தைக் குறைத்துக் கொடுக்கவும், முன் வரிசையில் உட்கார வைக்கவும், வாயால் பதில் சொல்ல விடவும் கேளுங்கள். இது தயவு கேட்பதல்ல. 2008ஆம் ஆண்டு உடற்குறையுடையோர் சட்டம் இவர்களின் கல்வி உரிமையை ஒப்புக்கொண்டிருக்கிறது. உடற்குறையைக் காட்டிப் பள்ளியில் இடமில்லை என்று சொல்லக்கூடாது என்பது 2019 முதல் கல்வி அமைச்சின் கொள்கை.

டாக்டர் உறுதி செய்தால் சமூகநல இலாகாவில் பதிந்து ஓ.கே.யு. அட்டை வாங்குங்கள். “ஊர் என்ன சொல்லும்?” என்று ஒளிக்காதீர்கள். ஃபாரம் நிரப்பத் தெரியாவிட்டால் சங்கக் கிளைச் செயலாளரிடம் போங்கள்.

அடி வாங்கிய பிள்ளை பாதியில் பள்ளியை விட்டுவிடும். அரவணைத்த பிள்ளை மெதுவாகவேனும் படித்து முடிக்கும். இன்று ராத்திரி ரோத்தானை மேலே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.