எந்த ஆண்டின் முதல் வாரம்?

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களைச் சுனாமி தாக்கிய 2004 டிசம்பர் 26, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த நாளை வார எண்ணில் எழுதச் சொன்னால் கணினிக்கு மூன்று பதில்கள் உண்டு. திங்களில் வாரத்தைத் தொடங்கும் ஐஎஸ்ஓ 8601 முறையில் அது 2004-இன் 52-ஆம் வாரத்தின் கடைசி நாள். ஞாயிறில் தொடங்கி, ஜனவரி 1 விழும் வாரத்தையே முதல் வாரமாகக் கொள்ளும் அமெரிக்க வழக்கில் 2005-இன் முதல் வாரத்தின் முதல் நாள். நம் வேளாண் வானிலையாளர்களின் வாரக் கணக்கிலோ கிழமைக்கு வேலையே இல்லை: ஜனவரி 1 முதல் 7 வரை முதல் வாரம், 52-ஆம் வாரத்துக்கு எப்போதும் எட்டு நாள், லீப் ஆண்டில் 9-ஆம் வாரத்துக்கும் எட்டு. இதில் அந்த ஞாயிறு 52-ஆம் வாரத்தின் நடுவில் நிற்கிறது.

ஆபத்து நிரலுக்குள் ஒரே எழுத்தில் ஒளிந்திருக்கிறது. ஜாவா நிரல்மொழியில் ஆண்டைக் குறிக்கச் சிறிய ‘ஒய்’ போடவேண்டும். பெரிய ‘ஒய்’ போட்டால் அந்த வாரம் எந்த ஆண்டைச் சேர்ந்ததோ அந்த ஆண்டு வரும். அமெரிக்க வழக்கில் ஓடும் கணினி, சுனாமி நாளை 2005 டிசம்பர் 26 என்று அச்சிட்டுவிடும். ஆண்டு முழுக்கச் சரியாக ஓடி, ஆண்டின் ஓரத்தில் மட்டும் பிசகுவதால் சோதனையில் இது எளிதில் அகப்படாது. 2014 டிசம்பர் 29 அன்று ட்விட்டரின் ஆண்ட்ராய்டு பயனர்கள் பலர் வெளியே தள்ளப்பட்டதும் இதே குழப்பத்தால்தான். சர்வர் ஆண்டை 2015 என்றது. இந்தப் பிசகு நேரும் டிசம்பர், பழவேற்காட்டுக்குச் சாதாரண மாதமல்ல. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவரும் நன்னீர், ஏரியின் உப்பைக் குறைக்கும் பருவம் அது. மீன்வரத்தையும் மழையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய நேரத்தில் ஒரு மீன்பிடிப் பதிவேடு ஓராண்டு தள்ளிப் போனால், அதிலிருந்து எடுக்கும் முடிவும் தள்ளிப் போகும்.

ஆகவே, சேமிக்க வேண்டியது தேதியை. வார எண்ணைத் தேவைப்படும்போது கணக்கிட்டுக்கொள்ளலாம். எல்லாரும் ஐஎஸ்ஓவுக்கு மாறிவிட்டால் தீராதா என்று கேட்கலாம். குழப்பம் குறையும், உண்மைதான். பைத்தான் நிரல்மொழிகூட ஐஎஸ்ஓ வார எண்ணைத் தேதியாகப் படிக்க, அதற்குரிய ஆண்டும் கிழமையும் சேர்ந்து இல்லாவிட்டால் மறுத்துவிடும். ஆனால் ஐஎஸ்ஓ கணக்கில் 2026-க்கு 53 வாரம், 2025-க்கு 52. கடைசி வாரத்தை எதோடு ஒப்பிடுவது? வாரத் தொகை இல்லாமல் அறிக்கை எழுத முடியாது என்பதும் நியாயமே. அதற்கும் தேதியிலிருந்து வாரத்தைப் பெறுவது ஒரு வரி வேலை. தவிரவும், பழவேற்காடு ஏரியில் நீரோட்டத்தை ஆள்வது அமாவாசையும் பௌர்ணமியும். இரண்டு பெரிய ஓதங்களுக்கு இடையே ஏறத்தாழ பதினாலேமுக்கால் நாள். அது ஏழில் அடங்காது. ஒரு வருஷம் 40-ஆம் வாரம் பெரிய ஓதத்தில் வரும், இன்னொரு வருஷம் ஓதம் தணிந்த நாட்களில் வரும். தேதி கையில் இருந்தால் நிலவின் நிலையைப் பிறகும் கணக்கிடலாம். வெறும் ‘40’ மட்டும் எழுதிய பதிவேட்டில் அந்த வாரத்துக்குள் எந்த நாளில் இறால் விழுந்தது என்பதே தெரியாது.